சிஸ்டரிடம் கேளுங்கள்: ஒரே வருடத்தில் மூன்று காயம்

கேள்வி: என் பேரனுக்கு 16 வயது. போன வருடம் கால்பந்து ஆடும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அப்புறம் டாக்ஸி நிறுத்தத்தில் சண்டை, புருவத்தில் ஐந்து தையல். இப்போது முன்கையில் கத்திக் காயம். "சும்மா விழுந்துட்டேன் ஆயா" என்கிறான். கண்ணேறு என்று என் மகள் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். ஜாதகம் பார்க்கட்டுமா?
- ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அக்கா, சுற்றிப் போட்டதில் தவறில்லை. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் 28 வருடம் வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை இரவு ஒரு பையனின் சட்டையை வெட்டி எடுத்தோம். விலாவில் பழைய தழும்பு. நானே போட்ட தையல்! முதல்முறை வந்தபோது கட்டுப் போட்டு, "பத்து நாளில் தையல் பிரிக்க வா" என்று அனுப்பிவைத்திருந்தேன். எங்கே திரும்பிப் போகிறாய், அங்கே உனக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மணிக்கட்டைத் தனியாக வையுங்கள். ஆடுகிற பிள்ளைக்கு அது நடக்கும். லேசாக விழுந்தாலே எலும்பு உடைகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்ற இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கமாக எனக்குத் தெரிகிறது. ஒருமுறை அடிபட்ட பையன் பயத்தில் தானும் கத்தி வைத்துக்கொள்வான், அல்லது பழி தீர்க்கப் போவான். அடுத்த காயம் அப்படித்தான் வருகிறது.

"யார் அடிச்சது?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வான். சாப்பாடு போடும்போது, தனியாக, "அந்த நிறுத்தம் வழியா போக பயமா இருக்கா?" என்று கேளுங்கள். காயம் முன்கையின் உள்பக்கம் வரிவரியாக இருந்தால் அவனே கீறிக்கொண்டானா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அடிக்கிற கை வீட்டுக்குள்ளேயே இருந்தால், கோபிக்காதீர்கள் அக்கா, 116 என்ற சைல்ட்லைன் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது.

புருவத்தில் அடிபட்ட பிறகு தலைவலி, மயக்கம், மறதி இருந்ததா? முதல் அடி ஆறும் முன் தலையில் இன்னொரு அடி பட்டால் இந்த வயதில் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். இந்த நாட்டுப் பள்ளி ரக்பியில், தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்ததோ என்று சந்தேகம் வந்தாலே அன்று திரும்ப ஆடவிடமாட்டார்கள். கால்பந்துக்கும் அதையே வையுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மைதானம் வேண்டாம்.

அமெரிக்காவில் ஓக்லாண்டில் 1994-இல் ஒரு வேலை தொடங்கினார்கள். காயத்தோடு படுத்திருக்கும் இளைஞனின் கட்டிலருகே, அதே தெருக்களில் வளர்ந்த ஒருவர் போய் உட்காருவார். பழி வாங்கப் போகாதே என்று பேசுவார், பள்ளிக்கும் வேலைக்கும் கூடவே அலைவார். வலியும் பயமும் இருக்கும் அந்த நாட்களில்தான் பையன்கள் காது கொடுக்கிறார்கள். நானும் வார்டில் அதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் உட்கார எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

உங்கள் பேரனுக்கு இப்போது அந்த நாட்கள். கட்டு மாற்றப் போகும்போது நீங்களும் போங்கள், சோஷியல் வொர்க்கரைப் பார்க்க வேண்டும் என்று அங்கே கேளுங்கள். அவன் மதிக்கிற மாமாவோ பெரியப்பாவோ இருந்தால், சில வாரம் பள்ளி விட்டதும் அவனை அழைத்துவரச் சொல்லுங்கள்.

ஜாதகம் அப்புறம் பார்க்கலாம். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.