அடுக்குக் கட்டிலுக்கு எந்த மெத்தை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது, மகளுக்கு 7 வயது. இருவருக்குமாக ஓர் அடுக்குக் கட்டில் வாங்கியிருக்கிறோம். மெத்தையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் முதுகுக்கு 8 அங்குலத் தடிமனாவது வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். மேல் படுக்கையில், பலகைப் பரப்பிலிருந்து பக்கத் தடுப்பின் மேல்விளிம்பு வரை 11 அங்குலம் இருக்கிறது. 8 அங்குல மெத்தையைப் போடலாமா?

பதில்: மேல் படுக்கையில் போட வேண்டாம். அங்கே மெத்தையின் தடிமனைத் தீர்மானிக்க வேண்டியது பக்கத் தடுப்பின் உயரம். படுப்பவரின் சொகுசை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். 11 அங்குலத் தடுப்புக்குள் 8 அங்குல மெத்தையை வைத்தால் மிஞ்சுவது 3 அங்குலம் மட்டுமே. ஒருக்களித்துப் படுத்திருக்கும் குழந்தையின் தோளும் இடுப்பும் அதைவிட உயரத்தில் இருக்கும் என்பதால், தூக்கத்தில் புரளும்போது அந்தச் சட்டம் உடலைத் தடுத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது.

எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதற்குத் தெளிவான அளவுகள் இருக்கின்றன. கட்டில் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அதிகபட்சத் தடிமனுள்ள மெத்தையைப் போட்ட பிறகும் தடுப்பின் மேல்விளிம்பு மெத்தையின் மேற்பரப்பைவிடக் குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இஎன் 747 என்னும் ஐரோப்பியத் தரநிலை அதை 160 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறேகால் அங்குலம் என்று வைத்திருக்கிறது. முதல் அளவுப்படி உங்கள் கட்டிலுக்கு 6 அங்குலம் வரை செல்லும். இரண்டாவதன்படி நாலே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே நின்று 5 அங்குலம் வாங்குங்கள் என்பேன். கறாராக இருக்க விரும்பினால் நாலரை அங்குலமும் 7 அல்லது 9 வயதுக் குழந்தையின் எடைக்குத் தாராளமாகப் போதும்.

‘படுத்தால் மெத்தை அமுங்கிவிடுமே, அப்போது தடுப்பு உயர்ந்துவிடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. உடல் அழுத்துகிற இடத்தில் அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தை எப்போதும் நடுவிலேயே படுத்திருப்பதில்லை. எழுந்து மண்டியிடும், ஓரத்தில் உட்காரும், போர்வையை எட்டி இழுக்கும். எனவே அமுங்காத நிலையில் மெத்தையின் உயரம் என்னவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். மெத்தையின் மேல் விரிக்கும் டாப்பர், தடித்த ரஜாய் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். 5 அங்குல மெத்தை வாங்கிவிட்டு 2 அங்குல டாப்பர் விரித்தால் அது 7 அங்குல மெத்தைதான். கட்டிலின் சட்டத்திலோ ஒட்டுத்தாளிலோ மெத்தையின் அதிகபட்ச உயரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், நான் மேலே சொன்ன கணக்கைவிடக் குறைவாக இருந்தாலும், அந்தக் குறியீட்டையே பின்பற்றுங்கள்.

தடுப்பின் மேல்விளிம்பு எல்லாக் கட்டில்களிலும் ஒரே நேர்கோட்டில் செல்வதில்லை. ஏணிப் பக்கம் வளைந்து தாழும் வடிவமைப்பாக இருந்தால், தாழ்ந்த இடத்தில் வைத்து அளந்த உயரமே உங்களுக்கான உயரம். சுவரோரம் தானே என்று அந்தப் பக்கத் தடுப்பைக் கழற்றிவிடாதீர்கள். கட்டில் சற்றே நகர்ந்தாலும் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி உண்டாகிவிடும்.

உங்கள் பிள்ளைகள் இருவரும் 6 வயதைக் கடந்தவர்கள் என்பதால் வயதைப் பற்றிய தடை உங்களுக்கு இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 6 வயது நிரம்பாத குழந்தையை, எவ்வளவு மெல்லிய மெத்தை போட்டிருந்தாலும், மேல் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது.

கேள்வி: ஃபோம், தேங்காய் நார், லேடெக்ஸ், ஸ்பிரிங் என்று பல வகைகளைச் சொல்கிறார்கள். அடுக்குக் கட்டிலுக்கு எது பொருத்தம்? ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று சொல்வதற்கு என்ன பொருள்? எண் கூடினால் மெத்தை கடினமாக இருக்குமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ. அது கடினத்தன்மையின் அளவு அன்று. ஒரே 32 டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் உண்டு, விறைப்பான ஃபோமும் உண்டு. பொதுவாக, எண் கூடினால் மெத்தை நீண்ட நாள் உழைக்கும், சீக்கிரம் பள்ளம் விழாது என்று எடுத்துக்கொள்ளலாம். விறைப்பைக் கையால் அழுத்தியும் படுத்துப் பார்த்தும்தான் அறிய வேண்டும்.

இப்போது எடைக் கணக்குக்கு வருவோம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 5 அங்குலத் தடிமன் கொண்ட மெத்தையின் கன அளவு ஏறத்தாழ 0.21 கன மீட்டர். 32 டென்சிட்டி ஃபோமில் செய்தால் அது 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், 40 டென்சிட்டியில் எட்டரைக் கிலோவாகவும் இருக்கும். 80 டென்சிட்டியுள்ள ரப்பர் கலந்த தேங்காய் நாரிலோ லேடெக்ஸிலோ செய்தால் 17 கிலோ ஆகிவிடும். தரையோடு ஒட்டிய கட்டிலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மேல் படுக்கையில் விரிப்பு மாற்றுபவருக்கு நன்றாகத் தெரியும்: ஏணியில் ஒரு கால், விளிம்பில் ஒரு முழங்கால், ஒரு கையால் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் விரிப்பின் எலாஸ்டிக் முனையை அடியில் செருக வேண்டும். 17 கிலோ மெத்தையின் மூலை அப்போது எளிதில் எழும்பாது. நாளடைவில் விரிப்பு மாற்றுவதே அரிதாகிவிடும். மேலும், கட்டில் தாங்கும் எடை என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் வரம்புக்குள் மெத்தையின் எடையும் அடங்குகிறதா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே மேல் படுக்கைக்கு என் முதல் தேர்வு, 32 முதல் 40 டென்சிட்டி வரையிலான, சற்று விறைப்பான ஃபோம் மெத்தை. விறைப்பு வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் முதுகு மட்டுமன்று. மெத்தையின் ஓரம் தொளதொளவென்று இருந்தால், ஏணியில் இறங்குவதற்காகக் குழந்தை ஓரத்தில் உட்காரும்போது அது சரிந்து, உடலை வெளிப்பக்கமாகத் தள்ளும். கடையில் படுத்துப் பார்ப்பதோடு விட்டுவிடாமல் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தும் பாருங்கள்.

ஸ்பிரிங் மெத்தையை மேலே தவிர்க்கலாம் என்பது என் கருத்து. 5 அங்குலத்துக்குள் ஸ்பிரிங்கையும் அதன் மேல் மெத்துமெத்தென்ற அடுக்கையும் சேர்த்து அடக்குவது கடினம். அடக்கினால் மேலடுக்கு மெலிந்து கம்பிச்சுருள் உடம்பில் உறுத்தும். அது துள்ளும் என்பதும், துள்ளுகிற மெத்தையைக் கண்டால் பிள்ளைகள் குதிக்காமல் இருக்க மாட்டார்கள் என்பதும் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெமரி ஃபோம் உடல் சூட்டைத் தேக்கி வைக்கும் இயல்புடையது. சூடான காற்று மேலே எழுவதால் மேல் படுக்கை ஏற்கெனவே கீழே உள்ளதைவிடச் சற்றுப் புழுக்கமாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். தேங்காய் நார் மெத்தையில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், விறைப்பும் உண்டு. எடையைப் பொருட்படுத்தாவிட்டால் கீழ்ப் படுக்கைக்கு அது மிக நல்லது.

கேள்வி: அளவு கொடுத்துச் செய்த மெத்தை அகலத்தில் 3 அங்குலம் குறைந்துவிட்டது. இடைவெளியில் ஒரு நீளத் தலையணையைச் செருகிச் சமாளித்து வருகிறோம். இது போதுமா?

பதில்: போதாது. தலையணை நசுங்கும், நழுவும், இரவில் குழந்தையே அதை இழுத்து எறிந்துவிடும். பிறகு எஞ்சுவது மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே கையோ காலோ செருகிக்கொள்ளக் கூடிய ஒரு நீண்ட பள்ளம். அது மட்டுமல்லாமல், 3 அங்குலம் குறைந்த மெத்தை இருந்த இடத்தில் இருக்காது. ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு பக்கமாக நகரும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல்கள் நுழைந்தால் போதும். முழுக் கை நுழைந்தால் மெத்தை சிறியது என்று பொருள்.

இத்தகைய பிழை பெரும்பாலும் இரண்டு காரணங்களால் நேர்கிறது. கட்டிலின் வெளி அளவைக் கொடுத்துவிட்டு, சட்டத்தின் பருமனைக் கழிக்கிறேன் என்று செய்பவர் மிகுதியாகக் கழித்துவிடுவது ஒன்று. வழக்கமான அளவுகளில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அளக்காமலே ஊகித்துக்கொள்வது மற்றொன்று. ஒற்றைக் கட்டில்களின் நீளமே 72, 75, 78 அங்குலம் என்று வேறுபடுகிறது, அகலமும் அப்படியே. சட்டத்தின் உட்புறத்தைத் தலைப்பக்கம், நடு, கால்பக்கம் என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் குறைந்த அளவிலிருந்து அரை அங்குலம் மட்டும் கழித்துக் கொடுங்கள். இப்போதுள்ள மெத்தையின் பக்கத்தில் அதே டென்சிட்டியுள்ள ஃபோம் துண்டைப் பசையிட்டு ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே உறை தைத்துத் தரும்படி செய்தவரிடமே கேட்கலாம். அதற்கு அவர் இசையாவிட்டால் இதைக் கீழ்ப் படுக்கைக்கும் மாற்ற வேண்டாம், புதிதாகச் செய்துவிடுங்கள்.

கேள்வி: மெத்தையின் அடிப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. மேல்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. கட்டிலில் குறுக்குப் பட்டைகளுக்குப் பதிலாக முழுப் பிளைவுட் பலகை அடித்திருக்கிறார்கள்.

பதில்: அவை பூஞ்சைப் புள்ளிகள். வியர்வையும் மூச்சின் ஈரமும் மெத்தை வழியாகக் கீழே இறங்கி, வெளியேற வழியில்லாமல் பலகையில் தங்கிவிடுவதால் வருவது இது. மெத்தையை இறக்கி நிமிர்த்தி வைத்து, நன்றாகக் காய விடுங்கள். புள்ளிகள் உறையோடு நின்றிருந்தால் உறையைத் துவைத்தால் போதும். ஃபோமுக்குள் ஊடுருவியிருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம், குறிப்பாக ஆஸ்துமா உள்ள குழந்தை அதில் படுக்கிறதென்றால். பலகையில் வரிசையாகத் துளைகள் இட்டுக்கொள்ளலாமா என்பதைத் தச்சரிடம் கேட்டுச் செய்யுங்கள். பலகையை எடுத்துவிட்டுப் பட்டைகள் அடிப்பதானால், பட்டைக்கும் பட்டைக்கும் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல், ஒவ்வொன்றையும் திருகாணியால் சட்டத்தோடு பிணைத்துவிட வேண்டும். இடைவெளி கூடினால் மெல்லிய ஃபோம் அவற்றுக்கிடையே தொங்கத் தொடங்கும்.

கேள்வி: கீழ்ப் படுக்கைக்கும் அதே 5 அங்குல மெத்தைதான் போட வேண்டுமா? பெரியவர்களும் சில நாட்கள் அதில் படுப்பார்கள்.

பதில்: வேண்டியதில்லை. கீழே 6 அல்லது 8 அங்குலம் போடலாம். எடை கூடிய பெரியவர்களுக்கு அதுவே நல்லது, ஏனெனில் 4, 5 அங்குல ஃபோமில் அடியிலுள்ள பட்டைகள் அவர்கள் இடுப்பில் தட்டுப்படும். ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்: மெத்தை வாங்கும் முன், அதே உயரத்துக்கு மடித்த போர்வைகளைக் கீழ்ப் படுக்கையில் அடுக்கி, வீட்டிலேயே உயரமானவரை அதன்மேல் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். மேல் படுக்கையின் அடிச்சட்டம் தலையில் இடித்தால், இடிக்காத அளவுக்குத் தடிமனைக் குறைத்து வாங்குங்கள்.