பல் எடுக்கும் முன் எக்கோ

ஏற்காடு சகோதரிக்கு, வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு உள்ள நாலு வயதுப் பையனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுக்கலாமா, கடைசியாக எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து இரண்டு வருடமாகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். இந்தக் கோளாறில் 7ஆம் குரோமோசோமில், ரத்தக் குழாய்களுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் ஜீனின் ஒரு பிரதி விடுபடுவதால், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, வால்வுக்குச் சற்று மேலே குறுகிப்போகலாம். இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களும் குறுகியிருக்கலாம். மயக்கத்தில் பிரஷர் சட்டென இறங்கினால் அங்கேதான் ஆபத்து. என் மகளுக்கும் இதேதான். சேலத்தில் ஒரு கிளினிக்கில் 'சின்ன ஊசிதானேம்மா' என்றார்கள். ஃபைலை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற அன்றே குழந்தைகள் இதய டாக்டரிடம் எக்கோ, ஈசிஜி இரண்டும் எடுத்துவிடுங்கள். பிரஷரை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள், வலது கையில் கூடுதலாகக் காட்டுவதுண்டு. அப்புறம், இதயக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் பல் எடுக்க வேண்டும். காலையில் முதல் கேஸாகக் கேளுங்கள். பட்டினியில் உடம்பு வறளக் கூடாது.