விசில் ஊதினால் ‘க’ வருமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. காக்காவைத் ‘தாத்தா’ என்கிறான், கம்பியைத் ‘தம்பி’ என்கிறான். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறோம். விசில் ஊதுவது, சோப்புக் குமிழி விடுவது, நாக்கால் மூக்கைத் தொடுவது, உதட்டில் தடவிய தேனை நக்குவது எனத் தினமும் வீட்டில் செய்யப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பல மாதங்களாகியும் பேச்சு மாறவில்லை. தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. இதே பயிற்சிகள் அதற்கும் உதவும் என்கிறார்கள். தொடரலாமா?

பதில்: அந்தப் பட்டியலை நிறுத்திவிடலாம். பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். அங்கே செய்வது மாறினால் போதும். புரையேறுவதைத் தனியாக, முதலில் கவனிக்க வேண்டும்.

வாய்த் தசைகள் பலமானால் பேச்சு தெளிவாகும் என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், பேச்சுச் சிகிச்சையாளர்களில் 85 சதவீதம் பேர் இத்தகைய பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆகவே உங்கள் சிகிச்சையாளர் அக்கறையில்லாதவர் என்று நினைக்காதீர்கள். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் இருக்கிற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உச்சரிப்புக் குறைக்கு இவை பலன் தருகின்றன என்பதற்கு வலுவான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பேசுவதற்கு நாக்கின் முழு பலத்தில் சிறு பங்கே போதும். தேவைப்படுவது வேகமும் இடம் தவறாமையும். கோலம் கற்க விரலை மடக்கி நீட்டி யாரும் பழகுவதில்லை. மாவை எடுத்துப் புள்ளி வைத்துத்தான் கற்கிறோம். உங்கள் மகன் ‘த’வைத் தெளிவாகச் சொல்கிறான். அதற்கு நாக்கு நுனி துல்லியமாகப் பல்லைத் தொட வேண்டும். அவனுடைய நாக்கு நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ‘க’வுக்கு நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்படி ‘க’வுக்குப் பதில் ‘த’ சொல்வது சிறு பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். பெரும்பாலானவர்களிடம் நான்கு வயதுக்குள் தானாக மறைந்துவிடும். நாலரையிலும் நீடிப்பதால் பயிற்சி தேவை. (ழ, ற போன்றவை தாமதமாகவே வரும், அவற்றுக்காக இப்போது கவலைப்பட வேண்டாம்.)

பயிற்சியைக் காதிலிருந்து தொடங்குங்கள். இதுவரை செவித்திறன் சோதனை செய்யவில்லை என்றால் அதை முதலில் செய்துவிடுங்கள். பிறகு கம்பி, தம்பி இரண்டுக்கும் படம் வரைந்து முன்னால் வையுங்கள். நீங்கள் சொல்லுங்கள், அவன் தொடட்டும். தவறாமல் தொட்டால் வேறுபாடு காதில் விழுகிறது என்று பொருள். அடுத்து அவனைப் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அந்த நிலையில் நாக்கு தானாகப் பின்னே சரியும். வாயை நன்றாகத் திறந்து ‘அக்’ என்று சொல்லச் சொல்லுங்கள். நுனி முன்னே ஓடினால், கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அதைச் சுத்தமான விரலால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். ‘அக்’ வந்ததும் ‘அக்கா’, ‘பாக்கு’, ‘மூக்கு’ என்று நகருங்கள். ‘பகல்’, ‘மகன்’ போன்ற சொற்களை இப்போது எடுக்க வேண்டாம். அவற்றில் ‘க’ தேய்ந்து ஒலிக்கும், பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ‘காக்கா’வைக் கொஞ்சம் தாமதமாக, ‘அக்கா’ உறுதியான பிறகு எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம் போதும். மற்ற நேரங்களில் அவன் ‘தாத்தா பறக்குது’ என்றால் திருத்தி மறுபடி சொல்ல வைக்காமல், ‘ஆமாம், காக்கா பறக்கிறது’ என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

இனி புரையேறுவது. தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும்போதுதான் இருமல் வருகிறது. விசிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது, பிள்ளை எப்படிக் குடிக்கிறான் என்பதைத்தான். வாய் படாமல் அண்ணாந்து குடிக்கப் பல வீடுகளில் சீக்கிரமே பழக்கிவிடுகிறார்கள். தலை பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்து நிற்கிறது. தண்ணீரோ நிற்காமல் கொட்டுகிறது. சிறு பிள்ளைக்கு இது கடினமான வித்தை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, கால் தொங்காமல் முக்காலியில் ஊன்றச் செய்து, வாயகன்ற டம்ளரில் உதடு வைத்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்கப் பழக்குங்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். அடியில் கொஞ்சம் இருந்தால் தலையைச் சாய்த்துத்தான் குடிக்க வேண்டியிருக்கும். புரையேறினால் உச்சந்தலையில் தட்ட வேண்டாம். முன்னால் குனிந்து இருமட்டும்.

இப்படி மாற்றிய பிறகும் புரையேறினால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். குடித்தபின் குரல் கரகரவென ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல் அல்லது நிமோனியா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆவது, எடை ஏறாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. எந்த நிலையில், எவ்வளவு கெட்டியான திரவம் பாதுகாப்பானது என்பதை அதில் பார்த்தே சொல்ல முடியும்.

வாய்ப் பயிற்சிகள் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூளை முடக்குவாதம் போன்ற நிலைகளில் தசையே தளர்ந்தோ இறுகியோ இருக்கும். அவர்களுக்கு எது தேவை என்பதை நேரில் பரிசோதித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்கும் மெல்லுவது மென்றும், விழுங்குவது விழுங்கியும்தான் கைகூடுகிறது. உங்கள் வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தையும் இருந்தால், பேச்சு வர வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவ விடாதீர்கள். அந்த வயதில் தேனால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரக்கூடும்.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது, ‘இந்தப் பயிற்சி எந்த ஒலிக்காக?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் இன்னொருவரிடம் காட்டுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலவு இடித்தால், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் 18 வயது வரை கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனையில் விசாரித்தால் உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்று சொல்வார்கள்.