ஒப்பித்த பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். இந்த ஆண்டு மகளை ஏழாம் வகுப்புக்கு, செவ்வியல் முறையில் பாடம் நடத்தும் ஒரு சார்ட்டர் பள்ளிக்கு (அரசு நிதியில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பள்ளி) மாற்றினோம். லத்தீன் உண்டு, தர்க்கம் தனிப்பாடம். வரலாற்றில் இப்போது அமெரிக்காவின் தொடக்க காலம். சுதந்திரப் பிரகடனத்தின் முன்பகுதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறாள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நானும் இப்படி மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி, எல்லாவற்றையும் மறந்தவன். அதோடு ரோம், அதன் பழந்தலைவர்களான கேட்டோ, சின்சினாட்டஸ் என்று வெள்ளைக்கார மூதாதையரின் புகழ் பாடுவதாகவே இது முடிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. வீட்டில் நான் என்ன செய்யலாம்? எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு அடுத்த படி நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செவ்வியல் கல்வியில் இலக்கணம், தர்க்கம், நாவன்மை என மூன்று படிகள் உண்டு. முதல் படியில் மூலத்தின் வரிகள், பெயர்கள், ஆண்டுகள் நினைவில் ஏறுகின்றன. இரண்டாவதில் அந்த வரிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறோம். மூன்றாவதில் நம் தரப்பைப் பிறர் ஏற்கும்படி எடுத்துச் சொல்லப் பழகுகிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வார்கள். இரண்டாம் படி அந்த வயதுக்கென்றே வைத்தது. நம் உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை சொல்வார்களே, அந்தத் தடை எழுப்பும் பருவத்தில் உங்கள் மகள் இப்போது இருக்கிறாள். பிரகடனத்தை வேதம்போல ஓதவைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், பள்ளியின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது செவ்வியல் கல்வி ஆகாது.

தொடங்குவதற்கு நான் பாஸ்டனைச் சொல்வேன். 1770 மார்ச் 5, இரவு. சுங்க அலுவலகத்தின் முன்னால் கூட்டத்தை நோக்கிப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். சில வாரங்களுக்குள் பால் ரெவியர் என்ற பாஸ்டன் வெள்ளிக்கொல்லர் ஒரு செதுக்கோவியத்தை அச்சிட்டு விற்றார். அதில் சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுகிறார்கள், பின்னால் கேப்டன் வாளை உயர்த்தி உத்தரவிடுகிறார், எதிரே நிராயுதபாணிகளான கண்ணியவான்கள் விழுகிறார்கள். சுங்க அலுவலகத்தின் மேலே 'கசாப்புக்காரர் மண்டபம்' என்று ஒரு பலகை வேறு. முதலில் இந்தப் படத்தை மட்டும் மகளிடம் கொடுங்கள். என்ன நடந்தது என்று அவளே எழுதட்டும்.

பிறகு நீதிமன்றச் சாட்சியங்களைக் கொடுங்கள். அங்கே பனிக்கட்டி எறிந்தவர்களும் தடி வைத்திருந்தவர்களும் வருகிறார்கள். சுடச் சொன்னது யார் என்பதில் ஒரு சாட்சி சொல்வதும் இன்னொரு சாட்சி சொல்வதும் பொருந்தவில்லை. சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர், பின்னாளில் நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர். சிப்பாய்களின் தலைவரான கேப்டன் பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை. இருவர் மட்டும் கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கட்டைவிரலில் சூடு வாங்கினார்கள்.

ஆடம்ஸின் நேர்மையைப் பாராட்டி இதை முடித்துவிடுவது எளிது. முடிக்காதீர்கள். அவருடைய இறுதி வாதத்தை அவளோடு சேர்ந்து படியுங்கள். உண்மைகள் பிடிவாதமானவை, நம் விருப்பம் அவற்றை மாற்றாது என்று சொன்ன அதே மனிதர், கூட்டத்தில் இருந்தவர்களைக் கறுப்பர்கள், கலப்பினத்தவர், அயர்லாந்துக்காரர்கள், மாலுமிகள் அடங்கிய கும்பல் என்று இழித்துப் பேசுகிறார். இறந்த ஐவரில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பழங்குடி வழிவந்தவர். நடுவர்களின் மனதிலிருந்த வெறுப்பைத் தொட்டு வாதத்தை ஜெயிப்பதும் நாவன்மைதான். எந்த வரி சான்றை நம்பி நிற்கிறது, எந்த வரி வெறுப்பை நம்பி நிற்கிறது என்று அவள் பென்சிலால் கோடிட்டுப் பிரிக்கட்டும். ஒரு நாள் சிப்பாய்கள் தரப்பில் பேசச் சொல்லுங்கள், மறுநாள் இறந்தவர்கள் தரப்பில்.

பிரகடனத்துக்கு வருகிறேன். அதன் கட்டமைப்பே தர்க்கப் பாடம். மக்களின் உரிமைகளை அழிக்கும் அரசை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்பது முதல் கூற்று. இந்த அரசர் அப்படி அழித்தார் என்பது இரண்டாவது. அதை நிறுவத்தான் இருபத்தேழு குற்றச்சாட்டுகள். ஆகவே இந்தக் காலனிகள் சுதந்திர நாடுகள் என்பது முடிவு. ஒப்பிப்பது முன்பகுதியோடு நின்றுவிடுவதால் குற்றச்சாட்டுகளைப் பிள்ளைகள் படிப்பதே இல்லை. அவற்றைப் படிக்கும்போது, பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் வரைவில் சேர்த்து, காலனிகளின் பிரதிநிதிகள் அவையான காங்கிரஸ் நீக்கிய பத்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது அடிமை வணிகத்துக்காக அரசரைச் சாடியது.

அதன் பிறகு பெஞ்சமின் பானகர். மேரிலாந்தில் வாழ்ந்த சுதந்திரமான கறுப்பர், வானியல் கணக்குகள் போட்டுப் பஞ்சாங்கம் தயாரித்தவர். 1791 ஆகஸ்டில் அவர் ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற அந்த வரியை எழுதியவருக்கே திருப்பி எழுதி, என் மக்களை அடிமைப்படுத்தி வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொன்னீர்கள் என்று மரியாதை குறையாமல் கேட்கிறார். எதிராளி ஒப்புக்கொண்ட கூற்றை வைத்தே எதிராளியை மடக்குவது தர்க்கத்தின் உச்சம். தன் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்த ஜெஃபர்சன், சில நாட்களிலேயே பணிவான சிறு பதில் ஒன்று அனுப்பினார். கேள்வியின் மையத்தை அது தொடவில்லை. பிரகடனம் மனப்பாடமாக இருக்கும் பிள்ளைக்குத்தான் பானகரின் அடி எங்கே விழுகிறது என்று உடனே தெரியும். மனப்பாடத்தை நிறுத்தாதீர்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

ரோமைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதைத் தவிர்த்தால் அமெரிக்காவை உருவாக்கிய தலைமுறை பேசிய மொழியே புரியாது. 1778இல் வாலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் படையினர் நடித்தது கேட்டோவைப் பற்றிய நாடகம். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 'பப்ளியஸ்' என்ற ரோமானியப் புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன; எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் 'புரூட்டஸ்'. பரந்த நிலப்பரப்பில் குடியரசு நிலைக்காது, ரோமைப் பாருங்கள் என்றார் புரூட்டஸ். பரப்பு பெரிதானால் குழுக்கள் பலவாகும், ஒன்று மற்றதை நசுக்க முடியாது என்று பப்ளியஸ் பெயரில் மேடிசன் வாதிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க ஒரு மாலை போதும்.

லத்தீன் வெள்ளையரின் சொத்தும் அல்ல. 1761இல் ஏழெட்டு வயதில் அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்கு வந்த ஃபிலிஸ் வீட்லி, ரோமானியக் கவிஞர் ஆவிடின் நியோபி கதையைக் கவிதையாக்கினார். தன் கவிதைகளை அவர்தான் எழுதினார் என்று ஆளுநர் உட்படப் பதினெட்டு நகரப் பிரமுகர்கள் கையெழுத்திட்டுச் சான்று கொடுத்த பிறகுதான் 1773இல் லண்டனில் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது.

பள்ளிப் பட்டியலில் பழங்குடிகளின் பேச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். 1744இல் லங்காஸ்டர் உடன்படிக்கையில், உங்கள் இளைஞர்களை எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று வர்ஜீனியாக்காரர்கள் சொன்னபோது, ஓனன்டகா தலைவர் கனசட்டேகோ நயமாக மறுத்தார்: எங்கள் பிள்ளைகள் மேல் அன்பு அதிகம், அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம். நாற்பதாண்டு கழித்து ஃபிராங்க்ளின் எழுதிய வடிவத்தில் அதே மறுப்பு இன்னும் காரசாரமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஃபிராங்க்ளின் ஏன் அப்படி எழுதினார் என்று அவளையே கேளுங்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று அவள் கேட்டால் கடலூரைச் சொல்லுங்கள். அமெரிக்க விடுதலைப் போரோடு பிணைந்த கடைசிச் சண்டைகளில் ஒன்று 1783 ஜூனில் அங்கே நடந்தது. பிரிட்டனும் அமெரிக்கர்களின் கூட்டாளியான பிரான்சும் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்ட செய்தி வந்துசேராததால், கோட்டையைச் சுற்றி மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்தார்.

பாஸ்டன் வழக்கின் ஆவணங்கள், பானகரின் கடிதம், ஜெஃபர்சனின் பதில் மூன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய ஆங்கிலம் முதலில் திணறடிக்கும். உரக்கப் படித்தால் பிடிபடும். ஒரு பத்தி அவள், அடுத்த பத்தி நீங்கள்.