பூட்டு அதேதான், சாவித்துளை இடம் மாறிவிட்டது

எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செயலிதான் பாஸ்வேர்ட் மேனேஜர். அதன் முகத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு என் இன்பாக்ஸே சாட்சி. மற்ற செயலிகளின் தோற்றம் மாறினால் இரண்டு நாள் திட்டிவிட்டுப் பழகிக்கொள்கிறோம். இது அப்படியில்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை திறப்பது, அதுவும் வேறொரு வேலையின் நடுவில். கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். போன இடத்தில் பட்டன் இல்லையென்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஒன்பாஸ்வேர்ட், கீபாஸ்எக்ஸ்சி, பிட்வார்டன் என்ற மூன்று மேனேஜர்களைப் பற்றி அப்படி எரிச்சலோடு வந்த சில கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

மேக்கில் பல வருஷமாக ஒன்பாஸ்வேர்ட் 7 வைத்திருந்தேன். ஆபீஸில் புது லேப்டாப் கொடுத்தார்கள், அதில் 8 இருக்கிறது. மேலே மெனு பாரில் சொடுக்கினால் சின்னதாக ஒரு ஜன்னல் திறக்குமே, அது காணோம். இடது பக்கத்தில் லாகின், கார்டு, நோட் என்று வரிசையாக இருந்ததையும் காணோம். எங்கே போயின?

அந்தச் சின்ன ஜன்னலுக்கு 'மினி' என்று பெயர். 2022 மே மாதம் மேக்குக்கு 8 வந்தபோது அதை எடுத்துவிட்டு 'க்விக் ஆக்சஸ்' என்ற தேடல் பெட்டியை வைத்தார்கள். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் கமாண்டுக்குப் பதில் கன்ட்ரோல். திரையின் நடுவில் ஒரு பெட்டி வரும். வேண்டிய தளத்தின் பெயரில் இரண்டு மூன்று எழுத்து தட்டினால் போதும். வந்த வரியில் நின்று வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால், யூசர்நேமை நகலெடு, பாஸ்வேர்டை நகலெடு என்று செய்யக்கூடியதெல்லாம் வரிசையாக விரியும்.

மினி மவுஸ்காரர்களுக்கானது, இது கீபோர்டுகாரர்களுக்கானது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை. மவுஸில் பழகியவர் 'பார்த்து' எடுப்பார். தேடல் பெட்டியில் பெயர் நினைவிருந்தால்தான் எடுக்க முடியும். 'அந்தக் கரண்ட் பில் கட்டும் தளம்' என்று மட்டும் நினைவிருப்பவருக்கு இது பின்னடைவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு வழி: பதிவின் தலைப்பை நீங்கள் கூப்பிடும் பெயருக்கே மாற்றிவிடுங்கள். 'கரண்ட் பில்' என்று தமிழிலேயே வைக்கலாம்.

வகைகளின் பட்டியல் தொலையவில்லை. பதிவுகளின் பட்டியலுக்கு மேலே ஒரு கீழிறங்கு பெட்டிக்குள் போய்விட்டது. பலர் கேட்டதால், இடப்பக்கப் பட்டையிலும் காட்டும்படி பின்னால் வசதி தந்தார்கள். செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதியில் பாருங்கள்.

கீபாஸ்எக்ஸ்சியிலிருந்து ஒன்பாஸ்வேர்டுக்கு மாறினேன். கன்ட்ரோல் சி அடித்தால் பாஸ்வேர்டுக்குப் பதிலாக யூசர்நேம் வருகிறது. இது பிழையா?

பிழை இல்லை. ஆனால் வந்த கேள்விகளிலேயே கவலைப்பட வேண்டியது இதுதான்.

கீபாஸ்எக்ஸ்சியில் ஒரு பதிவின் மேல் நின்று கன்ட்ரோல் சி அழுத்தினால் பாஸ்வேர்ட் நகலாகும், யூசர்நேமுக்குக் கன்ட்ரோல் பி (B). ஒன்பாஸ்வேர்டில் கன்ட்ரோல் சி யூசர்நேமுக்கு, பாஸ்வேர்டுக்கு ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். நீங்கள் மாறிய திசையில் பெரிய ஆபத்தில்லை. பாஸ்வேர்ட் பெட்டியில் யூசர்நேம் விழும், தளம் 'தவறு' என்று சொல்லும், அவ்வளவுதான். எதிர்த் திசையில் மாறுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். யூசர்நேம் என்று நினைத்து ஒட்டினால், பாஸ்வேர்ட் முழுசாக, புள்ளிகளால் மறைக்கப்படாமல், யூசர்நேம் பெட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எனக்கு நடந்திருக்கிறது. ஒரு பயிற்சி வகுப்பு, பின்னால் புரொஜெக்டர், எதிரே முப்பது பேர். நான் பாஸ்வேர்ட் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே லாகின் செய்கிறேன். இரண்டு மேனேஜர்களை மாறி மாறிப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலம். விரல் பழைய வழக்கப்படி போனது. சுவரில் என் பாஸ்வேர்ட் ஒன்றரை அடி உயரத்தில். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் மெதுவாக, 'சார், மாத்திடுங்க' என்றார்.

திரையில் தெரிவது மட்டும் பிரச்சினை இல்லை. எண்டர் தட்டிவிட்டால், தோற்றுப்போன லாகின் முயற்சிகளில் யூசர்நேமைப் பதிவுசெய்து வைக்கும் தளங்கள் நிறைய உண்டு. உங்கள் பாஸ்வேர்ட் அங்கே யூசர்நேம் என்ற பெயரில் எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருக்கும். பிரவுசரும் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பரிந்துரைக்கலாம். அப்படி நடந்தால் அந்தப் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

எந்த மேனேஜருக்கு மாறினாலும் முதல் நாள் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். 'சோதனை' என்று ஒரு பொய்ப் பதிவு போட்டு, நோட்பேடைத் திறந்துவைத்து, அதில் நகலெடுத்து ஒட்டிப் பழகுங்கள். டைப்ரைட்டிங் வகுப்பு மாதிரிதான். சரியான விசையை விரலுக்குத்தான் கற்றுத்தர வேண்டும், மூளைக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றும் சேர்ந்தால் பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனில், அதாவது பிரவுசருக்குள் உட்காரும் துணைச் செயலியில், லாகின் விவரம் நிரம்பும். விண்டோஸில் ஒன்பாஸ்வேர்ட் இருந்தால் அதே மூன்று விசை பெட்டகத்தைப் பூட்டும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு 'இது ஏன் தானாகப் பூட்டிக்கொள்கிறது' என்று கேட்பவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.

பாஸ்வேர்டை நகலெடுத்து விட்டு அந்தத் தளத்துக்குப் போய் ஒட்டுவதற்குள் காலியாகிவிடுகிறது. முன்பு இருந்த செயலியில் இப்படி இல்லை.

நகலெடுத்ததைக் கணினி வைத்திருக்கும் இடம் கிளிப்போர்டு. அதைத் தானாகத் துடைப்பது எல்லா நல்ல மேனேஜர்களிலும் உண்டு, கால அளவுதான் வேறுவேறு. மாற்றாமல் விட்டால் கீபாஸ்எக்ஸ்சியில் 10 விநாடி, ஒன்பாஸ்வேர்டில் 90 விநாடி. பத்து விநாடி போதாதென்றால் முப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகாது. ஆனால் இந்தத் துடைப்பையே அணைத்துவிடாதீர்கள். விண்டோஸில் 'கிளிப்போர்டு ஹிஸ்டரி' இயங்குகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 வரை அதில் நிற்கும். கீபாஸ்எக்ஸ்சி போன்றவை 'இதை ஹிஸ்டரியில் சேர்க்காதே' என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டுத்தான் நகலெடுக்கின்றன. எக்செலிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ நகலெடுத்த பாஸ்வேர்டுக்கு அந்தக் காப்பு கிடையாது.

பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனில் பெயரைச் சொடுக்கினால் முன்பு தானாக நிரப்பும். இப்போது பதிவு திறந்துகொள்கிறது. ஓரத்தில் உள்ள சின்ன பட்டனைத் தேடிச் சொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சொடுக்கு இரண்டானது முன்னேற்றமா?

இல்லை. 2024 டிசம்பரில் புதுத் தோற்றம் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பில் முக்கால்வாசி இந்த ஒரு சொடுக்குக்குத்தான் என்பது என் கணிப்பு. அவர்களும் இறங்கிவந்தார்கள். சொடுக்கினாலே நிரப்பும்படியான தேர்வை செட்டிங்ஸில் கொண்டுவந்தார்கள். வரிகளை நெருக்கமாக்கும் 'காம்பாக்ட்' தேர்வும் வந்தது. எக்ஸ்டென்ஷனின் செட்டிங்ஸில் ஆட்டோஃபில், அப்பியரன்ஸ் இரண்டு பகுதிகளையும் ஒருமுறை மேலிருந்து கீழ் படித்துவிடுங்கள். பாதிப் பேரின் குறை அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம், மேலே சொன்ன கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் இருக்கும்போது அந்த ஜன்னலைத் திறக்கவே வேண்டாமே.

புது வடிவம் கனமாக இருக்கிறது, திறக்க நேரமாகிறது. 'எலெக்ட்ரான்' என்று திட்டுகிறார்களே, அது என்ன?

ஒரு செயலிக்குள் ஒரு முழு குரோமியம் பிரவுசரையே வைத்து அனுப்புவது. பார்ப்பதற்குச் செயலி, உள்ளே ஓடுவது வலைப்பக்கம். ஒரே தடவை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஆயிற்று என்பது நிறுவனத்துக்கு வசதி. ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு பிரவுசரைச் சுமப்பதால் மெமரி போவது நமக்குச் செலவு. 2021 ஆகஸ்டில் ஒன்பாஸ்வேர்ட் 8-இன் மேக் முன்னோட்டம் வந்தபோது இதற்காகத்தான் பெரிய ரகளை நடந்தது. மேக்குக்கென்றே தனியாக எழுதப்பட்ட அழகான செயலி என்று பெயர் வாங்கியிருந்த ஒன்று, எல்லோரையும் போல ஆகிவிட்டதே என்ற வருத்தம் அது. பிட்வார்டனின் டெஸ்க்டாப் செயலியும் எலெக்ட்ரான்தான், ஆனால் அதை யாரும் அந்த அளவுக்குத் திட்டவில்லை. இழந்தவர்களுக்குத்தானே வலி.

எலெக்ட்ரான் என்பதாலேயே பாதுகாப்பு குறைவு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒன்பாஸ்வேர்டில் பூட்டும் திறக்கும் வேலையைச் செய்யும் உள்பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. எலெக்ட்ரான் வெளி முகம் மட்டும். கனம்தான் பிரச்சினை என்றால், பழைய கணினியிலும் லேசாக ஓடுவது கீபாஸ்எக்ஸ்சி. சி பிளஸ் பிளஸில் எழுதியது. ஆனால் அதன் பாஸ்வேர்ட் கோப்பைப் போனுக்கும் கணினிக்கும் இடையே நகர்த்தும் வேலை உங்கள் தலையில்.

அப்பாவுக்கு 71 வயது. புது வடிவத்தில் வெள்ளைமேல் சாம்பல் எழுத்து, கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார்.

அப்பா சொல்வது சரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது வலைத்தளங்களுக்கான அணுகல் விதி. அழகுக்காகச் சாம்பலை வெளுக்கும்போது முதலில் பலியாவது இதுதான். எலெக்ட்ரானில் ஒரு நல்லது உண்டு: பிரவுசரில் போலவே கன்ட்ரோலும் பிளஸும் அழுத்தினால் எல்லாம் பெரிதாகும். இருண்ட தோற்றத்தையும் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அது தெளிவு, சிலருக்கு இன்னும் மோசம். பாஸ்வேர்டைப் பார்த்து வேறு கருவியில் தட்ட வேண்டியிருந்தால், ஒன்பாஸ்வேர்டில் 'லார்ஜ் டைப்' என்று இருக்கிறது. எழுத்துகளைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டும். பூஜ்ஜியமா, ஆங்கில ஓவா என்ற சண்டை வராது.

கீபாஸ்எக்ஸ்சி ஐகான்கள் முன்பு போல இல்லை. பழையபடி மாற்ற முடியுமா?

ஐகான்களை முடியாது. 2020 ஜூலையில் வந்த 2.6.0-இலிருந்தே இப்படித்தான். வியூ மெனுவில் 'தீம்' என்ற தேர்வை 'கிளாசிக்' ஆக்கி, காம்பாக்ட் மோடையும் தேர்ந்தெடுத்தால் ஓரளவு பழைய முகம் வரும்.

அப்டேட்டை நிறுத்திவிட்டுப் பழைய வடிவத்திலேயே இருந்துவிடலாமா?

ஆசை புரிகிறது, எனக்கும் இருந்தது. டெஸ்க்டாப் செயலியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால்கூடப் பரவாயில்லை. பிரவுசர் எக்ஸ்டென்ஷனை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். 2025 ஆகஸ்டில் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் மாரெக் டோத் என்ற ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குள் காட்டும் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டு, அதன்மேல் 'குக்கீயை ஏற்கிறேன்' மாதிரி ஏதாவது ஒரு பொய்ப் பட்டனைச் சொடுக்க வைத்தால், நமக்குத் தெரியாமலே விவரங்கள் நிரம்பித் திருடு போகும். அவர் சோதித்த 11 மேனேஜர்களும் சிக்கின. பல நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. அப்டேட்டை நிறுத்தியவருக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்?

வெறுத்துப்போய் வேறொன்றுக்கு மாற முடிவுசெய்துவிட்டேன். எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக எடுத்து, எக்செலில் திறந்து சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது?

முதலில் எக்செலை மூடுங்கள், சேமிக்காமல்.

எக்செல் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கெடுக்கும். 0427 என்ற பின் நம்பரை 427 ஆக்கிவிடும். சமக்குறியில் தொடங்கும் பாஸ்வேர்டை சூத்திரம் என்று எண்ணிக் கணக்குப் போடப் பார்க்கும், முடியாமல் பிழைச் செய்தியை அந்த இடத்தில் வைக்கும். பிளஸ் 91 என்று தொடங்கும் போன் நம்பரை அறிவியல் குறியீடாகச் சுருக்கும். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். உங்கள் 16 இலக்க கார்டு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். ஒருமுறை சேமித்தால் மூலம் போயிற்று. ஆகவே புதிதாக இன்னொரு கோப்பு எடுத்து, திறக்காமல் அப்படியே புது மேனேஜரில் ஏற்றுங்கள். சுத்தம் செய்வதை அங்கே உள்ளே போய்ச் செய்யலாம்.

இணைத்து வைத்த கோப்புகளும், பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சில தளங்கள் தரும் பாஸ்கீகளும் சிஎஸ்வியில் வராது. பாஸ்கீ உள்ள தளங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புதிதாக உருவாக்குங்கள். பழைய கணக்கை ஒரு மாதமாவது மூடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப்பார்க்கும் தளம் ஏதாவது விடுபட்டிருக்கும்.

அப்புறம் அந்த சிஎஸ்வி. அதில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாக இருக்கின்றன, பூட்டே கிடையாது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால், அந்த ஃபோல்டரை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் மேலே ஏற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கணினியில் அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டு, பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து அங்கே தனியாக இருக்கும் ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள். சொந்தக் கணக்கென்றால் நீங்கள் அழித்தது அங்கே 30 நாள் வரை கிடக்கும்.