வீடு கேட்கிறது: மண் குழாயும் வேப்பமர வேரும்

கேள்வி: எங்களுடையது தாத்தா 1962-இல் கட்டிய வீடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாத்ரூம் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. பிளம்பர் வந்து ராடு விட்டு எடுக்கிறார், ஆசிட் ஊற்றுகிறார், போகிறார். இப்போது மொத்த லைனையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் சேம்பர் (சாக்கடைக் குழாய் வழியில் அங்கங்கே மூடி போட்டிருக்கும் தொட்டி) மூடிகளைத் திறந்து பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சேம்பர் நிறைந்திருந்து, தெருப்பக்கம் இருப்பது காலியாக இருந்தால் அடைப்பு அவை இரண்டுக்கும் நடுவில். எல்லாமே நிறைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் தெருவில். அது சென்னைக் குடிநீர் வாரியத்தின் வேலை, 1916-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்துகொள்ளுங்கள். சேம்பர் எதிலுமே தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் பாத்ரூமில் மட்டும் நிற்கிறதா? அப்படியென்றால் தரைக்குக் கீழே டிராப்பில்தான் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) அடைப்பு, அதற்காக லைனைத் தோண்டுவது வீண்.

மூன்று மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறீர்களே, அதைக் கேட்டால் எனக்கு வேர் மேல்தான் சந்தேகம். அந்தக் காலத்தில் போட்டது 'ஸ்டோன்வேர்' என்கிற, காவி நிறத்தில் பளபளப்பாக இருக்கும் சுட்ட மண் குழாய். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அடிதான் நீளம், அதனால் நாற்பதடி லைனில் பதினைந்து இருபது ஜாயின்ட் வந்துவிடும், எல்லாமே சணலைச் சுற்றிச் சிமென்ட் பூசி அடைத்தவை. குழாய் நூறு வருஷம்கூடத் தாங்கும், சிமென்ட் தாங்காது. மண் கொஞ்சம் இறங்கினாலே விரிசல் விடும், ஈரத்தைத் தேடித் தலைமுடி போல ஒரு வேர் நுழையும், அப்புறம் உள்ளேயே தடித்துக்கொள்ளும். எங்கள் பழைய வீட்டில் தோண்டியபோது ஒரு ஜாயின்டிலிருந்து சடை பின்னியது மாதிரி இரண்டடி நீளத்துக்கு வேப்பமர வேர் வந்தது, அதில் சிக்கியிருந்த ஷாம்பூ பாக்கெட்டில் பாதி என் பிள்ளைகள் போட்டவை. ராடு வேரை வெட்டும், ஆனால் ஓட்டையை அடைக்காது, அதனால் வேர் மறுபடி வரும். ஆசிட் வேரைக் கரைக்காது. ஜாயின்டில் மிச்சமிருக்கும் சிமென்டைத்தான் அரிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் விபரீதமாகிவிடும். ஆசிட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மொத்தமாக மாற்றுவதா என்பதற்கு, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் உடைந்திருந்தால் அந்த இரண்டு மூன்று துண்டை மாற்றினால் போதும். நாலைந்து ஜாயின்டில் வேர் தெரிந்தாலோ, பாதை டைல்ஸ் அங்கங்கே உள்வாங்கி எலி வளை தெரிந்தாலோ (உடைந்த குழாய் எலிக்கு ராஜபாட்டை) பிளம்பர் சொல்வதுதான் சரி, மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பிவிசி பைப்பில் 'டைப் பி' என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். டைப் ஏ மெலிசு, மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும்தான் சரிப்படும். நாலு இஞ்ச் பைப்புக்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு வேண்டும், இதைக் கண்ணளவில் விடாமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொல்லுங்கள். திருப்பம் வரும் இடத்தில் எல்லாம் ஒரு சேம்பர். மண்ணைப் போட்டு மூடுவதற்கு முன்னால், பைப்பை விடச் சற்றே சின்ன ரப்பர் பந்தை மேல்முனையில் உருட்டிவிடுங்கள், அது தானாக மறுமுனைக்கு வந்தால்தான் கூலியில் பாக்கியைக் கொடுப்பது. மேஸ்திரி முறைப்பார், முறைக்கட்டும்.

கேள்வி: சேம்பரில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்தால்தான் சரியாக இருக்கும், ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார் எங்கள் ஃபிளாட் செயலாளர். செய்யலாமா?
- வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: கூடாது. 2013-ஆம் வருஷச் சட்டப்படி இது குற்றம், ஆளை இறக்கியவருக்கு முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போய், இறங்கினவர் சில நொடியில் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் மெஷினோ ராடோ போதும், எல்லாம் மேலே நின்றபடியே. உங்கள் செயலாளரிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: மழை பெய்தாலே கீழ்வீட்டுக் கக்கூஸ் வழியாகச் சாக்கடை பொங்கி வருகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை.
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: வாசற்படியை எண்ணிப் பாருங்கள். முன்பு மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறீர்கள், சரிதானே? பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் உங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. தெருவில் மேன்ஹோல் மூடியும் ரோட்டோடு சேர்ந்து உயர்ந்துவிட்டதால், மெயின் லைன் நிறைந்தால் தண்ணீர் அதன் வழியாக வழிவதற்கு முன்பே உங்கள் கக்கூஸில் வந்துவிடுகிறது.

முதலில் மொட்டை மாடி மழைநீர்க் குழாயைப் பாருங்கள். யாராவது அதைச் சேம்பரில் சொருகியிருந்தால் பிடுங்கி மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். சாக்கடை லைன் மழைநீருக்குப் போட்டதல்ல. அடுத்து, தெருவுக்குப் போகும் கடைசிச் சேம்பரில் நான்-ரிடர்ன் வால்வு ஒன்று பொருத்துங்கள், தெருத் தண்ணீர் எதிர்த்து வந்தால் தானாக மூடிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் அதன் மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழுசாக மூடாது. இன்னொன்று, வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. கொட்டுகிற மழையில் மாடிவீட்டுக்காரர் வாஷிங் மெஷின் போட்டால் அந்தச் சோப்புத் தண்ணீர் கீழ்வீட்டுக்குத்தான் வரும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.