மேபெல் கார்ட்டரின் கட்டைவிரல்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேர்கொண்ட கன்ட்ரி இசையின் வரலாற்றைத் தொட்டால் மேபெல் கார்ட்டர் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் இசைத்தட்டுகளில் ஓங்கி ஒலிப்பது அவர் குரல் அல்ல. பிறகு எதற்காக இவ்வளவு மரியாதை?

‘கார்ட்டர் குடும்பம்’ என்பது மேபெல் இருந்த மூவர் இசைக்குழு. அதன் முதன்மைக் குரல் சாராவுடையது. அவர் கணவர் ஏ.பி. கார்ட்டர் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார், அவ்வப்போது அடிக்குரலில் கலந்துகொண்டார். மேபெல் சாராவின் ஒன்றுவிட்ட தங்கை, ஏ.பி.யின் தம்பி எஸ்ராவை மணந்தவர். இணைக்குரல் பாடி, கிட்டார் வாசித்தார். மரியாதை அந்தக் கிட்டாருக்குத்தான்.

அப்போதைய அமெரிக்க மலைநாட்டுக் குழுக்களில் ஃபிடிலோ பாஞ்சோவோ மெட்டை வாசிக்கும். கிட்டார் பின்னால் நின்று தாளம் போடும். இந்தக் குழுவில் ஃபிடிலும் இல்லை, பாஞ்சோவும் இல்லை. சாராவிடம் ஆட்டோஹார்ப் (பொத்தான் அழுத்தி வாசிக்கும் தந்திக்கருவி), மேபெலிடம் கிட்டார், அவ்வளவுதான். மெட்டு, தாளம் இரண்டையும் ஒரே கிட்டாரில் கொண்டுவர வேண்டிய கட்டாயம் மேபெலுக்கு. 1909இல் வர்ஜீனியாவின் நிக்கல்ஸ்வில் பகுதியில் பிறந்த அவர் அதைச் செய்து காட்டியபோது வயது பதினெட்டு. பிறகு வந்த கன்ட்ரி, ஃபோக் கிட்டார் கலைஞர்களில் பலர் அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பிரிஸ்டல் பதிவு என்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

1927 ஜூலை இறுதியில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டலில் தற்காலிகப் பதிவுக்கூடம் அமைத்து, வட்டாரக் கலைஞர்களை வரவழைத்தார். கார்ட்டர் குடும்பம் மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூரிலிருந்து கரடுமுரடான பாதையில் காரில் வந்து, ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தது. மேபெல் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். மூத்த மகள் ஹெலன் செப்டம்பரில் பிறந்தாள். பாட்டுக்கு 50 டாலர் கூலி.

கவனிக்க வேண்டியது மைக்ரோஃபோன். விக்டர் 1925இல்தான் மின்முறைப் பதிவுக்கு மாறியிருந்தது. அதற்கு முன் குழல் முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். கிட்டாரின் கீழ்ச்சுரத் தடித்த தந்திகளில் மெல்ல நகரும் மெட்டு அதில் சரியாக விழுந்திருக்காது. நாலைந்து ஆண்டு முன்னதாக வந்திருந்தால் மேபெலின் வாசிப்பு தட்டில் தெளிவாகப் பதிந்திருக்காது என்பது எங்கள் கருத்து.

மெட்டையும் தாளத்தையும் சேர்த்து வாசிக்கும் மேபெலின் முறையை, ‘கார்ட்டர் ஸ்க்ராட்ச்’சை, வாசிக்க முயல்கிறேன். தாளம் கேட்கிறது, மெட்டு கேட்கவில்லை. எங்கே தவறு?

இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் தவறு வலதுகையில்தான். ஆனாலும் இடதுகையிலிருந்தே தொடங்குவோம்.

சி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் பிடி) பிடியுங்கள். தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுகிறோம், ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்குக் கம்பி: ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிரவிரல், நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல், இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டிவிரல். மெட்டுக்கான சுரங்கள் இந்தப் பிடிக்குள்ளேயும் அருகிலும் இருக்கின்றன. ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட் சி. நான்காம் தந்தி வெறுமனே டி, இரண்டில் ஈ, மூன்றில் எஃப். மூன்றாம் தந்தி வெறுமனே ஜி, இரண்டில் ஏ. எஃப்புக்குச் சுண்டுவிரலை நீட்டினால் போதும், பிடியைக் கலைக்க வேண்டாம். ஏ வரும்போது நடுவிரல் மூன்றாம் தந்திக்குத் தாவிவிட்டு உடனே வீடு திரும்ப வேண்டும்.

எது அசைந்தாலும் இரண்டாம் தந்தியில் இருக்கும் ஆள்காட்டிவிரல் அசையக் கூடாது. காரணம் எளிது. முதல் தந்தியும் மூன்றாம் தந்தியும் வெறுமனே ஒலித்தால் ஈ, ஜி. இரண்டும் சி கார்டுக்கு உரியவை. இரண்டாம் தந்தி வெறுமனே ஒலித்தால் பி, சியோடு உரசும். பலருக்கு ‘ஏதோ அபசுரம்’ என்று தோன்றுவது இந்த ஒரு தந்தியால்தான்.

இனி வலதுகை. கட்டைவிரலில் பிக் (விரலில் மாட்டி மீட்டும் செயற்கை நகம்), ஆள்காட்டிவிரலில் இன்னொரு பிக். முதல் அடிக்குக் கட்டைவிரல் மெட்டுச் சுரத்தை மீட்ட வேண்டும். இரண்டாம் அடிக்கு ஆள்காட்டிவிரல் கீழ்நோக்கி ஒரு வருடல், அதன் பாதியில் மேல்நோக்கி இன்னொன்று. மூன்றாம், நான்காம் அடிகளுக்கும் இதேதான். கட்டைவிரல் தந்தியை மீட்டிய பின் அந்தரத்தில் நிற்காமல் அடுத்த தந்தியில் போய்ச் சாய வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் மெட்டு முன்னால் வரும். வருடல் முதல் மூன்று தந்திகளில் மட்டும், விரல் மூட்டிலிருந்து. மணிக்கட்டை வீசி ஆறு தந்திகளையும் அள்ளினால் மெட்டு மூழ்கிவிடும். உங்களுக்கு நேர்வது இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல் பழக்கத்தால் வருவது. ஏற்கெனவே தாளக் கிட்டார் வாசித்தவர்களின் கட்டைவிரல் தானாகவே ஐந்தாம் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் மாறிமாறிப் போகும். இங்கே கட்டைவிரல் மெட்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. மெட்டு ஒரே சுரத்தில் நின்றால் நடுவே வருடல். சுரங்கள் அடுத்தடுத்து வந்தால் வருடலை விட்டுவிடுங்கள். பயிற்சிக்குப் பாட்டின் மெட்டைக் கட்டைவிரலால் மட்டும், நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில், வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். தடுமாற்றம் போன பிறகே வருடலைச் சேர்க்க வேண்டும். கடைசியாக, நான்காம் தந்தியை வெறுமனே மீட்டி அது ஒலிக்கும்போதே நடுவிரலை இரண்டாம் ஃப்ரெட்டில் தட்டி இறக்குங்கள். டியிலிருந்து ஈக்குச் சறுக்கும் அந்த ஒலி இல்லாமல் மேபெலின் சாயல் வராது.

மெல்லிய தந்திகளில் கீழ்ச்சுரங்கள் சோர்ந்து ஒலிக்கும். 13 முதல் 56 வரை தடிமன் எண் கொண்ட ‘மீடியம்’ தந்திகள் பொருத்தம். பழைய கிட்டாராக இருந்தால் அந்த இழுவிசையை அது தாங்குமா என்று பழுதுபார்ப்பவரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்தால் என் கிட்டார் சுருதி ஒட்டவே மாட்டேன் என்கிறது.

உங்கள் கிட்டாரில் குறையில்லை. சாராவின் குரல் தாழ்ந்தது. அதற்கு இசைவாக மேபெல் பல பதிவுகளில் கிட்டாரையே சில அரைச்சுரங்கள் (ஓர் அரைச்சுரம் ஒரு ஃப்ரெட் தூரம்) இறக்கி, சி பிடியிலேயே வாசித்தார். பதிவு ஏ சுருதியில் ஒலித்தால் நீங்களும் மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டும்: ஆறாம் தந்தியிலிருந்து சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப். ஜி பிடியோடு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வி) போட்டாலும் ஏ வரும். ஆனால் மெட்டுச் சுரங்கள் வேறு இடங்களுக்குப் போய்விடும், அந்தச் சறுக்கல்களும் அதே இடத்தில் கிடைக்காது. மெல்லிய தந்தி இறக்கினால் தொளதொளத்து ஃப்ரெட்டில் அதிரும். தந்தியை மாற்ற மனமில்லையென்றால் பதிவின் சுருதியைக் கணினியில் உயர்த்திக்கொள்ளுங்கள். பழைய தட்டுகளின் வேகம் எல்லாமே துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்று அல்ல. அதனால் சுருதி இரண்டு அரைச்சுரங்களுக்கு நடுவே நிற்பதும் உண்டு.

அவர் வாசித்தது என்ன கிட்டார்?

கிப்சன் எல்-5. 1920களின் இறுதியில் 275 டாலருக்கு வாங்கியது. ஆறு பாட்டுக்குக் கிடைத்த கூலி 300 டாலர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். வயலின் போல மேற்பலகை வளைந்து, எஃப் வடிவத் துளைகள் கொண்ட கிட்டார் அது. ஒலி நீண்டு நிற்காமல் சட்டென்று பாய்ந்து அடங்கும். அதனால் மெட்டின் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். இன்று அது நாஷ்வில் நகரின் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏ.பி. கார்ட்டர் பெயரில் உள்ள பாட்டுகள் எல்லாம் அவர் எழுதியவையா?

இல்லை. ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ 1860இல் அச்சான ஒரு பாட்டிலிருந்து வந்தது. அதன் இசை ஜோசஃப் வெப்ஸ்டருடையது. ‘கீப் ஆன் தி சன்னி சைட்’ 1899இன் பக்திப்பாட்டு. பாட்டின் பதிப்புரிமைதான் பணம் தரும் என்பதால், பியர் உரிமை பதியத்தக்க பாட்டுகளையே கேட்டார். ஏ.பி. ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைத் திரட்டி, திருத்தி, தன் பெயரில் பதிந்தார்.

இங்கே லெஸ்லி ரிடில் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை நினைவில் ஏந்தி வருவது ரிடிலின் வேலை. ‘கேனன்பால் ப்ளூஸ்’ அவரிடமிருந்து வந்த பாட்டு. மேபெலின் ‘ஸ்க்ராட்ச்’ அவர் கற்றுத்தந்தது என்று எழுதுவோர் உண்டு; 1927 பதிவுகளிலேயே அந்த வாசிப்பு இருக்கிறது, ரிடில் குடும்பத்துக்கு அறிமுகமானது அதற்குப் பிறகு. விரல்களால் மீட்டும் ப்ளூஸ் முறையை மேபெல் அவரிடம் கற்றார். ரிடிலின் பெயர் கார்ட்டர் குடும்பத்தின் அன்றைய தட்டுகளில் அச்சாகவில்லை. அது அநீதி.

குழு கலைந்த பிறகு மேபெல் என்ன செய்தார்?

சாராவும் ஏ.பி.யும் 1930களிலேயே பிரிந்துவிட்டார்கள். இருந்தும் மெக்சிகோ எல்லையிலிருந்த எக்ஸ்.ஈ.ஆர்.ஏ. வானொலியில் சேர்ந்து பாடினார்கள். அமெரிக்க நிலையங்களுக்கு உச்சவரம்பு 50,000 வாட். இந்த நிலையத்தின் திறன் 5 லட்சம் வாட். நாடெங்கும் அவர்கள் குரல் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே காரணம். 1940களின் முற்பகுதியில் குழு கலைந்ததும், மேபெல் மகள்கள் ஹெலன், ஜூன், அனிதாவோடு புதுக்குழு தொடங்கினார். 1950இல் நாஷ்வில்லின் கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடைக்குப் போனார்கள். வாய்ப்புக் குறைந்த காலத்தில் நாஷ்வில்லில் இரவு நேரங்களில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். பிறகு ஃபோக் இசை மறுமலர்ச்சி இளைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நியூபோர்ட் ஃபோக் இசை விழாவில் வாசித்தார். மகள் ஜூன், பாடகர் ஜானி கேஷை 1968இல் மணந்தார். கார்ட்டர் குடும்பம் 1970இல் கன்ட்ரி இசையின் புகழவையில் சேர்க்கப்பட்டது. மேபெல் மறைந்தது 1978 அக்டோபரில்.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

1928இல் கேம்டன் நகரில் பதிவான ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’. முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை சாராவின் குரலை விட்டுவிட்டு, கீழ்த்தந்திகளை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து, நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற இசைக்குழு 1972இல் வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பு. அதில் அறுபதைத் தாண்டிய மேபெல் அதே பாட்டை வாசிக்கிறார்.